கத்தரிக்காய்க்குக் குளிர் ஆகாது

ஒரு வாரம் ஃபிரிட்ஜில் கிடந்த கத்தரிக்காயை எடுத்து வெளியே வைத்துப் பாருங்கள். எடுத்த உடனே பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் சமையல் மேடையில் இருந்த பிறகுதான் தோலில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழும். காம்பை மூடியிருக்கும் பச்சைத் தொப்பி கறுக்கும். நெடுக வகுந்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய சதை பழுப்பேறியிருக்கும். விதைகள் வரிவரியாகக் கறுத்திருக்கும். பூச்சி இல்லை, பூசணம் இல்லை, அழுகல் வாடையும் இல்லை. ‘கடைக்காரர் பழைய காயைக் கொடுத்துவிட்டார்’ என்று வீட்டில் பேச்சு வரும். ஆனால் அந்தக் காயைக் கெடுத்தது கடைக்காரர் இல்லை. அதைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து நாம் வைத்த இடம். விக்கிரமசிங்கபுரம் போன்ற ஓர் ஊரில், பொதிகை அடிவாரத்தில் தாமிரபரணி மலையிறங்கிச் சமவெளியைத் தொடும் அந்த வட்டாரத்தில், அன்றாடம் அடுக்களைக்கு வரும் காய்களில் பெரும்பாலானவை இப்படிக் குளிர் தாங்காதவை. காய்கறியைக் காப்பது என்றால் குளிரூட்டுவது என்ற எண்ணம் பாதிதான் உண்மை. காய்க்குக் காய் தேவை மாறுகிறது. அந்தத் தேவைகளை ஒரே பெட்டியால் நிறைவேற்ற முடியாது. வீட்டுக்குள்ளேயே நாலு வகையான இடங்களை நாம் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். பறித்த காய் செத்துப்போன பொருள் அல்ல. செடியிலிருந்து பிரிந்த பின்னும் அதன் செல்கள் மூச்சு விடுகின்றன. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, தன்னுள் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. செடியில் இருந்தவரை செலவான சர்க்கரைக்கு ஈடாக இலை அனுப்பிக்கொண்டிருந்தது; வேர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. பறித்த நொடியிலிருந்து வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் தொடர்கிறது. கையிருப்பு தீரும் வேகத்தைப் பொறுத்துத்தான் காயின் ஆயுள். வெண்டைக்காய், கீரை போல இளசாகப் பறிப்பவை மிக வேகமாக மூச்சு விடுபவை; அதனால்தான் சீக்கிரம் தளர்கின்றன. முற்ற விட்டுப் பறிக்கும் பூசணியும் மண்ணுக்குள் ஓய்வெடுக்கும் கிழங்கும் மெதுவாக மூச்சு விடுபவை, வாரக்கணக்கில் தாங்குகின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது இந்த மூச்சின் வேகம் ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று மடங்காகிறது. அந்தக் கணக்கில், 32 டிகிரி உள்ள அறையிலிருந்து 5 டிகிரி உள்ள ஃபிரிட்ஜுக்குப் போகும் கீரையின் செலவு ஆறில் ஒரு பங்கிலிருந்து பத்தொன்பதில் ஒரு பங்கு வரையாகக் குறைந்துவிடும். குளிர்ச்சியின் பலம் இதுதான். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கு தண்ணீர். காய்கறியின் எடையில் 80 முதல் 95 விழுக்காடு வரை நீர்தான். அதில் 5 முதல் 10 விழுக்காடு போனாலே கீரை துவண்டுவிடும், கத்தரிக்காய் பளபளப்பை இழக்கும், சீனியவரைக்காய் ஒடிக்கும்போது சத்தம் வராது. காயிலிருந்து நீரை வெளியே இழுப்பது காற்றின் வறட்சி. காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தை ஏற்கத் தயாராக இருக்கிறது என்பதை அழுத்த அலகில் அளக்கலாம். 32 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் அது 1.9 கிலோபாஸ்கல். 5 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள மூடிய காய்கறித் தட்டில் 0.09 கிலோபாஸ்கல்தான், அதாவது இருபதில் ஒரு பங்கு. ஆனால் அதே 5 டிகிரியில், காற்று உலர்ந்து சுற்றும் மேல்தட்டில் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் இந்த இழுவிசை 0.44 ஆகிவிடும். மல்லித்தழையைத் திறந்தபடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே வாடுவதற்குக் காரணம் இது. நீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கசிவதில்லை. கத்தரிக்காயில் பெரும்பங்கு காம்புத் தொப்பி வழியாகப் போகிறது. வழவழப்பான தோல் வழியாகப் போவது குறைவு. தக்காளியில் காம்பு இருந்த வடு வழியாகப் போகிறது. அதனால்தான் காம்பு உதிர்ந்த தக்காளியைக் கவிழ்த்து வைப்பது நல்லது. முற்றிய தடியங்காய் தன்மேல் வெண்சாம்பல் பூசியதுபோன்ற மெழுகை ஏற்றிக்கொண்டு தன் நீரைத் தானே அடைத்துவிடுகிறது. அந்த வெள்ளைப் பூச்சைத் துடைத்துவிட்டுக் காயை அடுக்குவது அதன் காவலை எடுத்துவிடுவதாகும்.

மூச்சும் குறைகிறது, நீரிழப்பும் குறைகிறது என்றால் எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் செல்லின் படலம் குறுக்கே வருகிறது. ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலம் நெகிழ்வாக இருந்தால்தான் உள்ளே போக வேண்டியது போகும், வெளியே வர வேண்டியது வரும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கெட்டிப்படுவதுபோல, வெப்ப நாட்டுச் செடிகளின் படலக் கொழுப்பும் ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்தால் விறைக்கத் தொடங்குகிறது. குளிர்நாட்டுச் செடிகளின் படலத்தில் தாழ்ந்த வெப்பத்திலும் இளகியே இருக்கும் கொழுப்பு அதிகம். நம் பக்கத்துச் செடிகளில் குறைவு. 1970-களில் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். படலம் விறைத்தால் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள் கசிந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. நொதிகள் கட்டுப்பாடின்றி வினைபுரிந்து சதையும் விதையும் பழுப்பாகின்றன. கத்தரிக்காய்க்கு 10 டிகிரிக்குக் கீழே இந்தக் காயம் தொடங்குகிறது. வெள்ளரிக்கும் ஏறக்குறைய அதே எல்லை. வெண்டைக்காய் 7 டிகிரி வரை தாங்கும். வாழைக்காய்க்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. தோல் சாம்பல் நிறமாகிவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குளிரில் வைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் மசியாத கட்டி உள்ளே உருவாகிவிடும். வீட்டு ஃபிரிட்ஜ் சுமார் 4, 5 டிகிரியில் ஓடுகிறது. இந்த அளவு பாலையும் இறைச்சியையும் கிருமியிடமிருந்து காப்பதற்காக வைத்தது. கத்தரிக்காயை மனத்தில் வைத்து யாரும் அதைத் தீர்மானிக்கவில்லை.

நம் ஊர்ச் சந்தை இந்தப் பிரிவைத் தன் போக்கில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. கத்தரி, வெண்டை, புடலை, பாகல், சீனியவரை, தடியங்காய், வாழைக்காய், சேனை எல்லாம் நாட்டுக்காய். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் இறங்கும் கேரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் எல்லாம் இங்கிலீஷ் காய். ஆலங்குளம், கீழப்பாவூர் சுற்றுவட்டாரத்தில் விளைபவை பாவூர்சத்திரம் காமராஜர் மார்க்கெட்டுக்கு வந்து, அங்கிருந்து மலை தாண்டிக் கேரளத்துக்கும் நம் பக்கத்துக் கடைகளுக்கும் பிரிகின்றன. எந்த மண்ணில், எந்த வெப்பத்தில் ஒரு செடியின் வம்சம் வளர்ந்ததோ அந்த வெப்பம்தான் பெரும்பாலும் அதன் காய்க்கும் ஏற்றது என்பதால், நாட்டுக்காய் வெளியே, இங்கிலீஷ் காய் ஃபிரிட்ஜுக்குள் என்ற எளிய விதி பத்துக்கு ஏழெட்டு முறை சரியாகவே இருக்கும். விலக்குகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். சௌசௌ மலையிலிருந்து வந்தாலும் அதன் பூர்வீகம் மெக்சிகோவின் மிதவெப்பப் பகுதி, கடுங்குளிர் ஆகாது. பீன்ஸும் நடுத்தரக் குளிரை மட்டுமே விரும்பும். எதிர்ப்பக்கம், தண்டங்கீரையும் முருங்கைக்கீரையும் நம் மண்ணுக்கே உரியவையானாலும் இலை என்பதால் மூச்சும் நீரிழப்பும் மிக அதிகம். அவற்றுக்கு ஃபிரிட்ஜின் மூடிய தட்டே நல்ல இடம்.

தக்காளியின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்தால் சுவை போய்விடும் என்று சமைப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிளீ தலைமையில் இயங்கிய குழு 2016-ல் அதன் உள்காரணத்தைக் காட்டியது. பழுத்த தக்காளியை 5 டிகிரியில் 7 நாள் வைத்தபோது அதன் சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. மாறியது மணம். மணப்பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்களைத் திறந்து மூடும் வேதிக் குறிகள் குளிரில் மாறியிருந்தன. மறுபடி அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்த பிறகும் இழந்த மணம் முழுதாகத் திரும்பவில்லை. ஆக, ரசத்துக்கான தக்காளி நிறம் மாறாமல், உருக்குலையாமல் ஃபிரிட்ஜில் இருந்தாலும் தக்காளி மணம் குறைந்துதான் வெளியே வருகிறது. காய்கறி கெடுவது என்றால் அழுகுவது மட்டும் என்று கொள்ளக்கூடாது. வாங்கிய காரணம் எதுவோ அது போய்விட்டால் அதுவும் கெடுதல்தான்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசலைத் தாண்டி உள்ளே அரங்கு என்று ஓர் அறை உண்டு. சன்னல் கிடையாது, தடித்த சுவர், மேலே மச்சு. நெல்லும் பாத்திரங்களும் மட்டுமல்லாமல், தடியங்காயும் பூசணியும் சேனையும் அங்கேதான் கிடக்கும். அந்த அறை ஃபிரிட்ஜ் போலக் குளிர்ந்ததில்லை. தடித்த மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் பகல் வெப்பத்தை மெதுவாக வாங்கி இரவில் மெதுவாக விடுவதால், வெளியே 25 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் இடையே ஊசலாடும்போது உள்ளே சராசரியை ஒட்டி அதிக ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கும். உச்சி வெயிலின் 36 டிகிரி காய்க்குப் போய்ச் சேராது என்பதே பெரிய லாபம். இருட்டு இன்னொரு லாபம். வெளிச்சம் படும் உருளைக்கிழங்கு பச்சையாகிறது. அந்தப் பச்சை பச்சையமே என்றாலும், கூடவே சொலனின் என்ற கசப்பு நஞ்சும் கூடுகிறது. கிழங்குகளுக்கு வெதுவெதுப்பு கெடுதல் அல்ல. வெட்டுப்பட்ட சேனையும் சர்க்கரைவள்ளியும் 30 டிகிரியை ஒட்டிய ஈரமான காற்றில் சில நாள் இருந்தால் காயத்தின் மேல் தக்கை போன்ற புதுத் தோல் வளர்ந்துவிடும். வெப்பமும் ஈரமும் அங்கே மருந்து வேலை செய்கின்றன. தைப் பொங்கலையொட்டி இந்த வட்டாரத்துக் கடைகளில் குவியும் சிறுகிழங்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மண் ஒட்டிய நிலையில் அது நாள்கணக்கில் தாங்கும். கழுவித் தோலை எடுத்ததும் காற்றுப் பட்டுச் சில நிமிடங்களில் கறுக்கத் தொடங்குகிறது. சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் உரிப்பவர்கள் உடனே தண்ணீரில் போடுவது ஆக்சிஜனைத் தடுக்கத்தான். மண்ணோடு வாங்கிய கிழங்கைச் சுத்தம் என்ற பெயரில் அன்றே கழுவி அடுக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும் வேலை. சமைக்கப் போகும் நேரத்தில் கழுவினால் போதும்.

ஆனால் அரங்கு எல்லாவற்றுக்கும் ஏற்ற இடமும் இல்லை. சின்ன வெங்காயத்தையும் பல்லாரியையும் காற்றோட்டமில்லாத அறையில் குவித்தால் மழைக்காலத்தில் சருகுத் தோலுக்கு அடியில் கரித்தூள் போன்ற பூசணம் படரும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் ஈரமும் அந்தக் கரும்பூசணத்துக்கு மிகப் பிடித்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் பொதிகை அடிவாரத்தில் இது வழக்கமான தொல்லை. வெங்காயத்துக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. அது வேகமாக முளைப்பது 10 முதல் 20 டிகிரி வரையான நடுத்தர வெப்பத்தில்தான். உறைநிலைக் குளிரிலும் முளைக்காது, 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் முளைப்பு அடங்கியே இருக்கும். ஆகவே நம் ஊரின் இயல்பான வெப்பமே வெங்காயத்துக்குப் போதும்; அதற்கு வேண்டியது வறண்ட காற்று மட்டும். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால், ஈரமும் உறைநிலைக்கு இறங்காத குளிரும் சேர்ந்து முளையையும் பூசணத்தையும் அழைத்து வருகின்றன. தாளோடு முடிந்து கம்பில் தொங்கவிடுவதும், கம்பிக் கூடையில் பரத்தி வைப்பதும், சணல் சாக்கை விரித்துப் போடுவதும் அறிவியல்படி சரியான முறைகள். பாலித்தீன் பையில் கட்டி வைப்பது வெங்காயத்துக்குச் செய்யும் கேடு.

மூன்றாவது கணக்கு, எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு அடுத்து வாழைதான் கண்ணில் படும். ஏத்தனோ கோழிக்கூடோ நாட்டுப்பழமோ, ஒரு சீப்பாவது அடுக்களையில் பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கும் வாழை எத்திலீன் என்ற வாயுவை வெளியே விடுகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் இந்த வாயு வேலை செய்துவிடும். 1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்கு விளக்கு எரிவாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் என்று கண்டுபிடித்தார். 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன், பழங்கள் தாங்களே இந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பதை நிறுவினார். நம் ஊரில் வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தபோது வேலை செய்ததும் புகையிலிருந்த இதே வாயுதான். இன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கார்பைடுக் கல்லைத் தடை செய்து, அளவான எத்திலீனைப் பழுக்க வைக்க அனுமதித்திருக்கிறது. பழத்துக்கு நல்லது செய்யும் அதே வாயு, பக்கத்தில் இருக்கும் காய்க்குக் கேடு. பாகற்காய் மஞ்சளாகி வெடிக்கும், வெள்ளரி வெளிறும், கீரை மஞ்சளிக்கும், கத்தரிக்காயின் தொப்பி கழன்று விழும், கேரட்டில் கசப்பு ஏறும். மூடிய ஃபிரிட்ஜுக்குள் ஆப்பிளையும் கீரையையும் ஒரே தட்டில் வைக்கும்போது நடப்பதும் இதுதான். பழக்கூடைக்கும் காய்க்கூடைக்கும் நடுவே நாலடி இடைவெளி விட்டு, காற்றோடவும் விட்டால் போதும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். சித்திரையில் 36 டிகிரி கொதிக்கும் வீட்டில் கத்தரிக்காயை வெளியே வைத்தால் இரண்டே நாளில் சுருங்கிவிடும். குளிர் காயமானாலும் ஃபிரிட்ஜே மேல் என்று ஒருவர் சொல்லலாம். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. குளிர்க் காயம் என்பது வெப்பநிலையை மட்டும் பொறுத்ததல்ல, நேரத்தையும் பொறுத்தது. படலம் விறைத்ததும் உடனே எல்லாம் கெட்டுவிடாது. கசிவு சேர்ந்து சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும் காயமாகிறது. இரண்டு, மூன்று நாளைக்குள் சமைத்துவிடப் போகிறோம் என்றால் கோடையில் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் குளிர் குறைந்த பகுதியில் வைப்பதே புத்திசாலித்தனம். வெளியே எடுத்ததும் உடனே சமைத்துவிட வேண்டும். காயம் வெளிப்படுவது பெரும்பாலும் வெதுவெதுப்புக்குத் திரும்பிய பிறகுதான். நான் மறுப்பது ஒரு வாரச் சந்தையை மொத்தமாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, எல்லாம் பத்திரம் என்று நம்புவதைத்தான்.

அரங்கெல்லாம் பழைய கதை, இப்போதிருப்பவை தாழ்ந்த கான்கிரீட் கூரை வீடுகள் என்பது அடுத்த மறுப்பு. சரிதான். வெயில் காய்ந்த தளம் இரவிலும் வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அந்த வீட்டுக்குள்ளும் மேற்குச் சுவரைவிட வடக்குச் சுவர் குளிர்ந்தது, அலமாரியின் மேல்தட்டைவிடத் தரை குளிர்ந்தது. அடுப்புக்கும் ஃபிரிட்ஜின் பின்பக்கத்துக்கும் அருகில் இருக்கும் இடம்தான் மிக மோசமானது. அதற்கு மேல் வேண்டுமானால் மண்ணும் தண்ணீரும் கைகொடுக்கும். 1980-களில் புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசாந்த ராயும் குர்தியாவும் மின்சாரமே வேண்டாத ஒரு குளிர் தொட்டியை வடிவமைத்தார்கள். இரட்டைச் செங்கல் சுவர், நடுவே ஆற்று மணல், மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும், மேலே கூரை, அவ்வளவுதான். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் உள்ளே குளிரும், ஈரப்பதமும் 90 விழுக்காட்டை எட்டும். வீட்டளவில் இதையே பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையே ஈர மணல் நிரப்பிச் செய்யலாம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் பானை வனையும் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொருளுக்கு அலைய வேண்டாம்.

இதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆவியாதலால் காற்றைக் குளிர்விக்கக்கூடிய கடைசிப் படி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுதான். கோடை மதியத்தில் 36 டிகிரி வெப்பமும் 35 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அந்த அளவு சுமார் 24 டிகிரி; 12 டிகிரி லாபம். அடைமழைக் காலத்தில் 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அது 26 டிகிரி. லாபம் 2 டிகிரிதான். காற்று வறண்டு வீசும் நெல்லைச் சமவெளியில் நன்றாக வேலை செய்யும் பானை, மலையோரம் சாரல் விழும் நாளில் சோம்பிப்போகும். இருந்தாலும், கோடையில் அது 27 டிகிரியும் 90 விழுக்காடு ஈரப்பதமும் தந்தால் காயிலிருந்து நீரை இழுக்கும் விசை 0.36 கிலோபாஸ்கலாகக் குறைகிறது. ஃபிரிட்ஜின் திறந்த மேல்தட்டுக்கு முன்பு சொன்ன 0.44-ஐ நினைத்துப் பாருங்கள். வாடுவதைத் தடுப்பதில் ஒரு மண்பானை ஃபிரிட்ஜின் திறந்த தட்டுக்குச் சளைத்ததல்ல. அதேசமயம் கத்தரிக்காய்க்குக் குளிர்க் காயமும் தராது. மூச்சின் வேகத்தை ஃபிரிட்ஜ் அளவுக்கு அது குறைக்காது என்பதால், மூன்று நாலு நாளைக்கான காய்களுக்கு ஏற்ற இடம் என்று அதைக் கொள்ளலாம்.

அன்றன்றைக்கு வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லையே என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஆலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள், காலையிலிருந்து தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள், இவர்களிடம் தினமும் கடைக்குப் போ என்று சொல்வது தீர்வு ஆகாது. அது அறிவியலின் சுமையை வீட்டில் அதிகம் உழைப்பவர் தலையிலேயே ஏற்றிவிடும். வாரத்துக்கு ஒருமுறை வாங்கி, அதை வீணாக்காமல் உண்ண வழி இருக்க வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் கடையிலும் உணவகத்திலும் வீட்டிலுமாக உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன்; அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. குப்பைக்குப் போகும் ஒரு கிலோ கத்தரிக்காயோடு அதற்குப் பாய்ந்த ஆற்றுத் தண்ணீரும், பறித்தவரின் கூலியும், வாங்கியவரின் காசும் சேர்ந்தே போகின்றன.

அறிவியலே நாளுக்கொன்று சொல்கிறதே, எதை நம்புவது என்ற ஐயமும் வரும். உருளைக்கிழங்கு இதற்கு நல்ல உதாரணம். 6, 7 டிகிரிக்குக் கீழே உருளைக்கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்குகிறது. அப்படி இனித்த கிழங்கை வறுக்கும்போது சீக்கிரம் கருகும். அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளும் கூடுதலாக உண்டாகும். 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் இந்தப் பொருள் உணவில் உண்டாவதைக் கண்டறிந்ததையடுத்து, உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்லிவந்தது. 2023-ல் அது தன் அறிவுரையை மாற்றி, வீட்டில் சேமிக்கும் அளவுக்கு வேறுபாடு பெரிதல்ல, ஃபிரிட்ஜிலும் வைக்கலாம் என்றது. இதை முரண் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சர்க்கரை கூடும் வேதியியல் மாறவில்லை. அதனால் வரும் ஆபத்து எவ்வளவு என்ற மதிப்பீடு துல்லியமானது. நம் வீட்டுக்கு அதன் பொருள்: குழம்புக்கும் மசியலுக்கும் போகும் கிழங்கை வேறு இடம் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், பொன்னிற வறுவலுக்குப் போகும் கிழங்கு இருட்டான கூடையில் இருக்கட்டும். காரணம் தெரிந்தவருக்கு அறிவுரை மாறினாலும் குழப்பம் வராது.

இதுவரை பார்த்ததிலிருந்து வீட்டின் நாலு இடங்கள் தாமாகவே பிரிந்து வருகின்றன. முதலாவது, இருட்டான, வெயில் அண்டாத தரையோரம்: தடியங்காய், பூசணி, சேனை, சேம்பு, மண் ஒட்டிய சிறுகிழங்கு, உருளைக்கிழங்கு. இரண்டாவது, காற்று நன்றாக வரும் உலர்ந்த தொங்கல் அல்லது கம்பிக் கூடை: சின்ன வெங்காயம், பல்லாரி, பூண்டு. மூன்றாவது, ஈரமும் மிதமான குளிர்ச்சியும் உள்ள மண்பானை அல்லது ஈரத்துணி போர்த்திய கூடை: கத்தரி, வெண்டை, வெள்ளரி, பாகல், புடலை. வாழைக்காயும் தக்காளியும் வெயில் படாத திறந்த தட்டில் தனியே இருந்தால் போதும். நாலாவது ஃபிரிட்ஜ்: கீரை, மல்லித்தழை, கறிவேப்பிலை, கேரட், கோஸ், முள்ளங்கி. கீரையை வேரை நறுக்கி, மஞ்சள் இலையைக் கிள்ளி, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி மூடிய தட்டில் வைக்க வேண்டும். மேலே தண்ணீர்ப் படலம் நின்றால் அழுகல் கிருமி உள்ளே நுழைய அதுவே வழியாகிவிடும்; ஈரம் காற்றில் இருக்க வேண்டும், இலைமேல் நிற்கக்கூடாது. முள்ளங்கி, கேரட்டின் தலையிலுள்ள இலையை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இலை கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவுக்கும் மிஞ்சும் காய்க்கு நம் பக்கத்து வழி இருக்கவே இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மிதுக்கங்காயும் சுண்டைக்காயும் சீனியவரைக்காயும் வற்றலாகி, நுண்ணுயிர் வளரத் தேவையான ஈரமே இல்லாத நிலைக்குப் போய், ஆண்டு முழுவதும் தாங்குகின்றன.

வீட்டார் மட்டும் மாறினால் போதாது. நம் வீடுகளில் ஓடும் ஃபிரிட்ஜுகள் பாலுக்கும் இறைச்சிக்கும் ஏற்ற 4, 5 டிகிரியை மையமாக வைத்தே இயங்குகின்றன. கத்தரியும் வெண்டையும் வெள்ளரியும் அன்றாட உணவாக இருக்கும் ஒரு நாட்டுக்கு 10 முதல் 12 டிகிரியில், நிறைந்த ஈரத்தோடு இயங்கும் தனி அறை ஒன்று எல்லா விலை ஃபிரிட்ஜிலும் இருந்தாக வேண்டும். தொழில்நுட்பத்தில் இது கடினமே இல்லை. அவ்வளவு குளிரூட்டத் தேவையில்லை என்பதால் அந்த அறைக்கு மின்சாரமும் குறைவாகவே செலவாகும். கேட்பவர்கள் இருந்தால் செய்பவர்கள் வருவார்கள். அதுவரை, புது ஃபிரிட்ஜ் வாங்கும்போது கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேட்பதோடு, காய்கறித் தட்டின் வெப்பநிலையைத் தனியாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். பள்ளிப் பாடத்தில் உணவுச் சத்துகளைச் சொல்லித்தரும்போது, அந்தச் சத்தைத் தாங்கிய காயை எங்கே வைப்பது என்பதையும் ஆசிரியர்கள் சேர்த்துச் சொல்லித்தரட்டும். விளைவித்தவரின் உழைப்பு வீட்டுக்குள் வந்த பிறகும் வீணாகாமல் இருக்க, வாங்கி வந்த பையைப் பிரித்து இடம் பார்த்து வைக்கும் அந்த ஐந்து நிமிடம் போதும்.